காடு காணச் செல்வார் கண்ட வேடர்

சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தைக் கற்போர், காடுகாண் காதையை அடுத்து வேட்டுவ வரி வைக்கப்பட்டிருத்தலை அறிவர். வழிச்செல்வார் முதலிற் காட்டைக் காண்கின்றனர். பின்னர் அக்காட்டில் வாழும் எயினரைக் காண்கின்றனர். இவ்வைப்பு முறை இன்றும் வழக்கொழியவில்லை. ஈழத்துக்கு வரும் வெளிநாட்டார்க்கென வெளியிடப்படும் பயண விளம்பரங்களை நோக்கின், முற்பகலில் வேடர் குடியிருப்பு, பிற்பகலில் யானைக் கூட்டம் என இரண்டும் ஒரே நாளில் ஒரே விலைக்குள் அடங்கக் காணலாம். மாதுறு ஓயாத் தேசிய வனத்தைக் காணச் செல்வோர் தம்பானைக்கும், கல்லோயாவிற் படகேறி யானை நீந்துதலைக் காணச் செல்வோர் இரத்துகலைக்கும் அழைத்துச் செல்லப்படுகின்றனர். ஆபிரிக்காவில் வளர்ந்து பெருகிய இம்முறைக்குச் சபாரி என்று பெயர். அச்சொல் சுவாகிலி மொழியிற் பயணம் என்னும் பொருளது, அரபு மூலத்தது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முதியோர் வாயிற் 'சபர்' என்று வழங்குவதும் அம்மூலத்தின் வழிவந்ததே. சொல் நமக்கு அயலன்று. அது சுமந்துவரும் நோக்கே ஆராய்தற்குரியது.

அந்நோக்கை அளக்க வேட்டுவ வரியினும் சிறந்த அளவுகோலை யான் அறியேன். கோவலனும் கண்ணகியும் நடந்திளைத்து ஐயை கோட்டத்தின் ஒரு பக்கத்தே இருக்கின்றனர். அங்கு நிகழும் ஆடல் அவர் பொருட்டு நிகழ்வதன்று. எயினர் தம் குடியின் வறுமை தீரத் தம் தெய்வத்தை வேண்டித் தாமே ஆடுகின்றனர். காண வந்தவர் விருந்தினர், இடம் எயினருடையது. அதுமட்டுமோ? தெய்வமேறிய பெண் கண்ணகியை நோக்கிப் பேசுகின்றாள். பேச்சுக்குப் பொருளாகிய கண்ணகி நாணிக் கணவன் பின்னே ஒதுங்குகின்றாள். அஃதாவது, பார்க்கப்படுவோர் பார்ப்போரைத் திரும்பப் பார்க்கின்றனர். இவ்வொன்றே இளங்கோவடிகளின் காட்சியை உயிருடையதாக்குகின்றது. காட்டுப் பயணம் பற்றி எழுந்த பிற்கால நூல்கள் பலவற்றில் யான் தேடிக் காணாததும் இதுவே.

வேடரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியோருள் 1681ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட உரொபேட் நொக்ஸ் முதலாகப் பலர் உளர். அவருள் காட்டு விலங்கையும் காட்டு மனிதரையும் ஒரே நூலுட் சேர்த்துச் சுவைபட எழுதி, அவ்வகைக்கு இந்நாட்டில் ஓர் இலக்கணமே வகுத்தவர் டாக்டர் ஆர். எல். ஸ்பிட்டல் (1881–1969). 'வைல்ட் சிலோன்' (1924), 'ஃபார்-ஓஃப் திங்ஸ்' (1933), 'சவேஜ் சாங்சுவரி' (1941), 'வானிஷ்ட் டிரெயில்ஸ்' (1950) முதலிய நூல்கள் அவருடையன. அவரை எளிதிற் பழித்தல் தகாது. சத்திர வைத்தியராகிய அவர் ஆண்டுதோறும் பிந்தனைக் காடுகளிற் புகுந்து, நோயுற்ற வேடர்க்கு மருந்திட்டு, அவர்தம் பெயரும் உறவும் நினைவிற் கொண்டு மீண்டும் மீண்டும் சென்றவர். ஒருநாட் காட்சிக்கு வந்து மீள்பவர் அல்லர். 'சவேஜ் சாங்சுவரி'யில் அரசாங்கத்தாற் குற்றவாளியெனத் தேடப்பட்ட திசாகாமி என்னும் வேடன், பிழையும் பெருமையும் உடைய தனி மனிதனாகவே நம்முன் நிற்கின்றான். அந்நூலே அவருடைய நூல்களுட் சிறந்தது என்பது என் கருத்து.

ஆயினும் அவர் நூல்களின் பொதுச் சுருதி இரங்கற் சுருதியே. தலைப்புகளே அதனை உணர்த்தும்: ஒன்று தொலைவிலுள்ளவை என்கின்றது, மற்றொன்று மறைந்துபோன தடங்கள் என்கின்றது. வேடன் எப்பொழுதும் கடைசி வேடனாகவே அவர் பக்கங்களில் தோன்றுகின்றான். இரங்கற்பாவுக்கு ஒரு குறை உண்டு. பாடப்படுபவன் எழுந்துவந்து மறுமொழி கூறுதற்கு அதில் இடமில்லை. மேலும், ஸ்பிட்டல் வனவிலங்குப் பாதுகாப்புக்காக உழைத்த சங்கத்தின் முன்னணியில் நின்றவர். வேட்டையாடுவோனுக்கு இரங்கிய கையே வேட்டை விலங்குக்குக் காவலும் வேண்டிற்று. இரண்டும் நல்லெண்ணத்தின் பாற்பட்டனவே. எனினும் விலங்கைக் காக்கும் எல்லைக்கோடு வேடனுடைய வாழிடத்தின் ஊடே செல்லும்போது என்செய்வது என்னும் வினா அவர் நூல்களிற் கூர்மையாக எழவில்லை. வரலாறு பின்னர் அதனை எழுப்பிற்று. 1983ஆம் ஆண்டு நவம்பரில், மகாவலித் திட்டத்தின் தொடர்பில், மாதுறு ஓயா தேசிய வனமாக்கப்பட்டது. அதன்பின் தந்தையும் பாட்டனும் மானெய்த இடத்தில் அம்பெடுப்பவன் குற்றவாளி. சீட்டுப் பெற்று ஜீப்பில் ஏறிச் செல்பவன் விருந்தினன். குடிபெயர்க்கப்பட்டோர் பலர் எனாணிகல முதலிய குடியேற்றங்களுக்குச் செல்ல, தம்பானைத் தலைவர் ஊருவரிகே திசாகாமி தம் இடம் விட்டு அகல மறுத்து, 1998இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

மறைந்துவிட்டனர் என்னும் முடிவுக்குக் குடிசன மதிப்பும் துணை நின்றது. 1946இல் வேடர் 2,361 பேர், 1953இல் 803, 1963இல் 400. இத்தொகையைக் காட்டி ஓரினம் அழிந்தது என்பாரும் உளர். கணக்கறிந்த மாணவன் இதனைச் சற்றே ஐயுறுதல் வேண்டும். ஏழாண்டுக்குள் மூவரில் இருவர் மாண்டொழியத்தக்க கொள்ளைநோயோ பஞ்சமோ அக்காலத்து எவரும் கூறவில்லை. மாறியது மக்கள் அல்லர். எழுதுவோர் கேட்ட வினாவும், கேட்கப்பட்டோர் தம்மை எவ்வாறு கூறிக்கொண்டனர் என்பதுமே. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 2022இல் வெளியிட்ட நூலில், வேடர் கண்டி அரசியலிற் பங்குகொண்டு பல பகுதிகளிலும் பரவி வாழ்ந்தோர் என்றும், காட்டின் உள்ளே தனித்துக் கிடக்கும் வேட்டுவன் என்னும் உருவம் எழுத்தாளராற் படைக்கப்பட்டது என்றும் விரித்துரைத்தார். இவ்வுருவத்தையே இன்றைய விளம்பரமும் விற்கின்றது.

ஆபிரிக்காவில் நிகழ்ந்ததும் இதற்கு ஒத்ததே. செரெங்கெட்டி 1951இல் தேசிய வனமாயிற்று; அங்கு மாடு மேய்த்த மசாய் மக்கள் 1959இல் ஙொரொங்கோரோவுக்கு அகற்றப்பட்டனர். கலஹாரியின் நடுவே 1961இல் அமைந்த காப்புநிலம் அங்கு வாழ்ந்த சான் மக்களையும் கருதியே அமைக்கப்பட்டது; ஆயினும் 1997லும் 2002லும் அம்மக்களே வெளியேற்றப்பட்டனர். 2006இல் பொட்சுவானா உயர்நீதிமன்றம் அது முறையன்றெனத் தீர்த்தது. இவ்விடங்களிலும் பயண நிரலில் விலங்கும் மனிதரும் அடுத்தடுத்தே எழுதப்படுகின்றனர். நமது கல்லோயா 1954இல் வனமாயிற்று. அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்த 1961வரை அக்காட்டின் ஒரு பகுதி மட்டக்களப்பு மாவட்டத்துட் கிடந்தது என்பதை இளைய மாணாக்கர் அறியார் போலும்.

இனி, இப்பயணங்களை முற்றும் இழிவென ஒதுக்குவாரோடும் யான் உடன்படேன். தம்பானைக்குச் செல்வோரை முன்கைகளைப் பற்றி வரவேற்று, வில்வளைத்து, தீக்கடைந்து, தேன்விற்கும் வேடர், தாம் செய்வது இன்னதென அறியாதவர் அல்லர். இதுவும் புதியதன்று. 1911இல் வெளிவந்த தம் பெருநூலில் செலிக்மன் தம்பதியர், பயணிகள் காணும்பொருட்டு அண்மையிலுள்ள தங்குமாடத்துக்கு வேடர் சிலர் அழைத்துவரப்படுவதையும், அவர் ஆங்கே சிற்றுடையணிந்து வாய்பேசாது கடுமுகங் காட்டி நிற்பதையும் குறித்துள்ளனர். ஆதிமனிதனாக நடித்தல் அப்போதே ஒரு தொழிலாகிவிட்டது. நடிப்பவனுக்கு அதனாற் கூலியும் மதிப்பும் கிடைக்குமாயின், அதனைக் கைவிடுமாறு கூற நமக்கு யாது உரிமை? வேட்டை நிலத்தை எடுத்துக்கொண்டு, வேட்டையின் போலியை மட்டும் அரங்கேற்ற விட்டமையே குறை. அக்குறைக்கு அரங்கில் நிற்பவன் பொறுப்பாளி ஆகான்.

மட்டக்களப்பார்க்கு நெருங்கிய செய்திக்கு வருவோம். கதிரவெளி, பனிச்சங்கேணி, மாங்கேணி, குஞ்சங்குளம், தெற்கே களுவன்கேணி ஆகிய இடங்களில் வாழும் வேடரை எந்தப் பயண நிரலிலும் காண்டல் அரிது. பாசிக்குடாவின் உயர்ந்த விடுதிகளிலிருந்து இவ்வூர்கள் தொலைவிலும் இல்லை. காரணம் வெளிப்படை. இவர் தமிழ் பேசுகின்றனர்; சட்டையணிகின்றனர்; வலைவீசி மீன்பிடிக்கின்றனர்; விறகும் தேனும் எடுக்கின்றனர்; பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடங்களிற் பயில்கின்றனர். படத்துக்கு ஏற்ற வேடர் அல்லர். செலிக்மனும் இவர்க்கெனத் தம் நூலிற் சிறியதோர் அதிகாரமே ஒதுக்கினார்; தமிழரோடு கலந்தோர் என்பது அவர் கண்ட குறை. தூய்மையைத் தேடிச் சென்றவர்க்குக் கலப்பு ஒரு தேய்வாகவே தோன்றும். ஆனால் 2004ஆம் ஆண்டின் கடற்கோளையும், 2006–2007இல் வாகரையிற் குண்டுமாரியையும் இடப்பெயர்வையும் அயலவரோடு ஒருங்கே தாங்கியவர் இவர். அத்துன்பத்தில் எவரும் இவரைக் கலப்பினர் எனப் பிரித்து விட்டுவைக்கவில்லை.

அயலாரைக் குறைகூறி நாம் கைகழுவிக் கொள்ளலாமோ? நம் தலபுராணங்களை எண்ணுக. கொக்கட்டிச்சோலையிலே மரத்தைத் தறித்த வேடன் குருதி பெருகக் கண்டு அஞ்சியமையாலன்றோ தான்தோன்றீசுவரர் வெளிப்பட்டார் என்கின்றோம்? மண்டூரிலே வேலை முதலில் வணங்கியோர் வேடர் என்கின்றோம். கதிர்காமத்து வள்ளி வேடர்குலப் பெண். கண்ணப்பரின் குருபூசைக்குக் கட்டுரைப் போட்டியும் வைக்கின்றோம். இவ்வளவும் செய்யும் நாமே, 'வேடன்' என்னும் சொல்லை வசையாகவும் வழங்குகின்றோம். வகுப்பறையில் அச்சொல் எழும்பொழுது கடைசி வாங்கிலிருக்கும் மாணவன் தலைகுனிதலை ஆசிரியர் பலர் கண்டிருப்பர். தம்மை வேடவேளாளர் எனக் கூறிக்கொண்டோர் ஏன் அவ்வாறு கூறினர் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. ஸ்பிட்டல் வேடனை மறைந்தவனாக்கினார். நாம் அவனைப் புராணத்துட் குடியிருத்தினோம். இருவரும் உயிருள்ளவனை நேர்நின்று நோக்கவில்லை. எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இற் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', வி.சீ. கந்தையா 1964இல் எழுதிய 'மட்டக்களப்புத் தமிழகம்' ஆகிய இரண்டும் நம் கையகத்தே இருக்கவும், வேடரே தம்மைப்பற்றி உரைத்தவற்றைத் தொகுத்த தமிழ் நூல் நம் நூலகங்களில் முன்வரிசையில் இல்லாமை நமக்கு நாணம் தருவது.

அத்தகைய நூலொன்றை எழுதத் துணியும் மாணவர்க்கு ஒரு தொடக்கம் கூறுவேன். கரையோர வேடரின் சடங்குகளில் இறந்த முன்னோரும் குமாரதெய்வமும் மட்டுமன்றி, கப்பற் பேய் எனக் கடல் கடந்து வந்த தெய்வங்களும் இறங்குகின்றன. செலிக்மனே இதனைக் கண்டு குறித்துள்ளார். சடங்கின்போது மட்டும் நாள்வழக்கில் இல்லாத சொற்கள் தெய்வமேறியவர் வாயில் வருகின்றன. காட்டுக்குள் அடைபட்டவர் எனக் கருதப்பட்ட குடியினர் கப்பலில் வந்த தெய்வத்துக்கு மடை வைப்பது ஏன்? அச்சொற்களில் எவை சிங்களத்துக்கு நெருங்கியன, எவை நம் படுவான்கரை வழக்குக்கு நெருங்கியன? இவற்றை அறியப் படப்பெட்டியோடு அரைநாட் செல்லுதல் போதாது. சடங்கு நிகழும் நாள் எதுவெனக் கேட்டறிந்து, அழைத்தாற் சென்று, ஒரு பக்கத்தே இருந்து, அவர் நம்மை நோக்கி ஏதேனும் வினவின் அதற்கும் விடைகூற ஆயத்தமாய்ச் செல்லல் வேண்டும்.