கையொப்பத்துக்கு முன்

லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’, ரேவதியின் ‘வெள்ளை மொழி’ இரண்டையும் வகுப்பில் பேசும்போது, அறுவைசிகிச்சைப் பக்கங்களைப் புரட்டிவிட்டதாக மாணவிகள் சொல்வார்கள். கூடுவாஞ்சேரியில் ரயிலேறினால் தாம்பரத்துக்குள் முடிந்துவிடும் பக்கங்கள்தான். வாசித்தவர்களோ, “இவ்வளவு வலி எதற்கு?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி பிரதியைத் தலைகீழாகப் படிக்கிறது. இருவரும் விரும்பியே போனார்கள். திருநங்கையர் சமூகம் இதற்கு வைத்த பெயரே ‘நிர்வாணம்’. அதில் மறுபிறப்பு இருக்கிறது, தையலும் சீழும் இல்லை. அச்சொல் விட்டதை இந்தத் தன்வரலாறுகள் சொல்கின்றன: மரப்பு ஊசிக்குப் பிறகும் என்ன தெரிந்தது, சிறுநீர் பிரிய என்ன பாடு, பக்கத்தில் யார் இருந்தார்கள். மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவை இவை. என்னைப் பொறுத்தவரை, தமிழில் இந்தச் சிகிச்சைக்கான முதல் ஒப்புதல் படிவங்கள் இப்பக்கங்களே.

வித்யா கடப்பாவரை போக நேர்ந்ததற்குச் சட்டத்தின் நிழலும் ஒரு காரணம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு கொடுங்காயங்களில் முதலாவதாக ஆண்மை நீக்கத்தை வைத்தது. பயந்து செய்கிற மருத்துவர் எதையும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்.

சொல்ல வேண்டியதோ நிறைய: மூத்திரக் குழாய் சுருங்கலாம், புதிதாக அமைத்த யோனி மூடிக்கொள்ளாமலிருக்க நெடுநாள் விரிப்பான் வைக்க வேண்டும், விரை நீக்கியபின் ஹார்மோனை நிறுத்தினால் எலும்பு தேயும். இவற்றைச் சொல்வது தடுப்பதற்காக அல்ல. குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கைநாட்டு வைத்த நம் அம்மாக்களுக்கு இந்த வேறுபாடு புரியும்.

சமீரா கோலி வழக்கில், பரிசோதனைக்கு மட்டும் இசைந்த பெண் மயக்கத்தில் கிடக்க, தாயின் கையெழுத்தில் கருப்பையை எடுத்தார்கள். அது சம்மதமாகாது என்றது உச்ச நீதிமன்றம் (2008). பெற்றோரின் ஒப்புதல் குழந்தையின் ஒப்புதலல்ல என்று மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் சொன்னது. அந்த ஆகஸ்டிலேயே, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, இடைப்பாலினக் குழந்தைகளுக்கான பாலின அறுவைசிகிச்சையைத் தமிழக அரசு தடைசெய்தது.

அதே ஆண்டுதான் நாடாளுமன்றம் திருநர் சட்டத்தை இயற்றியது. பாலினத்தைச் சொல்ல அறுவைசிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தும், ‘பெண்’ என்று திருத்திய சான்றிதழுக்கு, சிகிச்சை முடிந்ததென மருத்துவ அதிகாரியின் சான்றைக் கேட்டது அதன் 7ஆம் பிரிவு. வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் அந்தத் தாள் தேவைப்படுகிறவளிடம்தான் படிவத்தை நீட்டி, “உங்கள் விருப்பம்” என்கிறோம்.