நிர்ப்பந்தம் எனும் சொல்லும் ஒரு பிரகடனமும்

ஆட்சியாளர்களின் பிரகடனங்களை அரசியல் செய்தியாக வாசித்துக் கடந்துவிடுவதே வழக்கமாக உள்ளது. நம் மத்ரஸா மரபில் ஒரு மூலவாசகத்தை எவ்வாறு சொல் சொல்லாகப் பிரித்து ஓதுகிறோமோ, அவ்வாறே அவற்றையும் ஓதினால் விளங்குவன பல. 2007 நவம்பர் 3 அன்று பாகிஸ்தானில் ஜெனரல் பர்வேஸ் முஷர்ரஃப் வெளியிட்ட அவசரநிலைப் பிரகடனத்தை அம்முறையில் இங்கு நோக்குவோம்.

முதலாவது, சொன்னவர் யார்? அன்று அவர் குடியரசுத் தலைவராகவும் இராணுவத் தலைமைத் தளபதியாகவும் இருந்தார். பிரகடனத்தில் தளபதி என்ற தகுதியிலேயே ஒப்பமிட்டார். 1973ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 232ஆம் பிரிவு, அவசரநிலை அறிவிக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு அளிக்கிறது. ஆயினும் அரசியல் சட்டத்தையே நிறுத்திவைக்க அப்பிரிவில் இடமில்லை. எனவே, சட்டம் தந்த பதவியால் சொல்ல முடியாததைப் படை தந்த பதவியால் சொன்னார்.

இரண்டாவது, சொன்ன காரணம் யாது? தீவிரவாதமும் தற்கொலைத் தாக்குதல்களும் முதலில் கூறப்படுகின்றன. அவை அந்நாட்டை வாட்டிய மெய்யான துயரங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், பிரகடனம் விரிவாகப் பேசுவது நீதிபதிகளின் 'தலையீடு' குறித்தே. அக்டோபர் 6 தேர்தலில் அவர் போட்டியிட்டது செல்லுமா என்ற வழக்கு அப்போது உச்ச நீதிமன்றத்தில் விசாரணையில் இருந்தது என்பதை இத்துடன் சேர்த்து வாசிக்க வேண்டும். குண்டு வைத்தவனைக் காரணம் காட்டி நீதிபதி அகற்றப்பட்டார். புதிய உறுதிமொழியை ஏற்காத நீதிபதிகள் பதவியிழந்தனர்.

இத்தகைய செயல்களை நியாயப்படுத்த நம்மவரிற் சிலரும், "நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும்" என்ற ஃபிக்ஹு விதியைத் துணைக்கு அழைப்பதுண்டு. உதுமானியரின் 'மஜல்லா' சட்டத்தொகுப்பில் இது 21ஆம் விதி. அடுத்து வரும் 22ஆம் விதி, நிர்ப்பந்தம் அதன் அளவுக்கே மதிக்கப்படும் என்கிறது. காரணம் நீங்கினால் சலுகையும் நீங்கும் என்பது 23ஆம் விதி. ஒருவரின் நிர்ப்பந்தம் பிறர் உரிமையை அழிக்காது என்பது 33ஆம் விதி. முதல் விதியை மட்டும் ஓதி எஞ்சியவற்றை விடுவது, தொழுகையை நெருங்காதீர்கள் என்பதோடு வசனத்தை நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

இவ்விதிகளின் வேர் திருமறையின் 2:173ஆம் வசனத்தில் உள்ளது. பசியால் உயிர்போகும் நிலையில் இருப்பவருக்கும் அவ்வசனம் இரு நிபந்தனைகளை விதிக்கிறது: வரம்பு மீற நாடுபவராகவும், அளவு கடப்பவராகவும் அவர் இருக்கலாகாது. முதல் நிபந்தனையிலுள்ள 'பாக்' என்னும் சொல்லுக்குக் கலகம் செய்பவர் என்றும் பொருளுண்டு.

பாகிஸ்தானின் வரலாறே இதற்குச் சான்று. 1955இல் நீதிபதி முனீரின் நீதிமன்றம் ஆங்கிலேய மரபிலிருந்து 'அவசியக் கோட்பாட்டை' எடுத்தாண்டது. 1977 ஜூலையில் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் ஜியாவுல் ஹக் 90 நாட்களில் தேர்தல் என்றார். இராணுவச் சட்டம் விலக்கப்பட்டதோ 1985 டிசம்பரில். அவருடைய செயலையும் உச்ச நீதிமன்றம் அவசியத்தின் பெயரால் ஏற்றது. நிர்ப்பந்தத்தின் அளவை நிர்ப்பந்தம் கூறுபவரே முடிவு செய்தால் விளைவது இதுவே.

2007 பிரகடனம் 42 நாட்களில், டிசம்பர் 15 அன்று விலக்கப்பட்டது. 2009 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்தது. 2010இல் 18ஆம் திருத்தம், அரசியல் சட்டத்தை 'நிறுத்திவைப்பதையும்' 6ஆம் பிரிவின் தேசத்துரோகக் குற்றத்தில் சேர்த்தது. அதனை எந்த நீதிமன்றமும் செல்லுபடியாக்கலாகாது என்றும் விதித்தது. ஜெனரலின் பிரகடனம் கையாண்ட வினைச்சொல்லையே சட்டம் குற்றத்தின் பெயராக்கியது.

நம் உலமாக்களுக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. 21ஆம் விதியைக் கேட்டு வரும் ஆட்சியாளருக்கு 22ஐயும் 23ஐயும் 33ஐயும் சேர்த்தே ஓதிக் காட்ட வேண்டும். அரைவிதி தரும் ஃபத்வா, அநீதிக்கு வழங்கும் கையொப்பமே ஆகும்.