பெயரும் உறுப்பும்: 'யாழ்நூல்' பற்றிய ஒரு நோக்கு

யாழின் பெயரைத் தன் பெயரிற் கொண்டது நமது யாழ்ப்பாணம். கொடியிலும் இலச்சினையிலும் யாழைப் பொறித்து மகிழ்கின்றோம். ஆயினும் யாழை வரைக என்றால் ஒருவர் வளைந்த வில்லை வரைவார். மற்றொருவர் வீணையை வரைவார். இம்மயக்கம் அறிஞரிடையும் உண்டு. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த விபுலாநந்த அடிகளின் 'யாழ்நூல்' 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. யாழை வில் வடிவக் கருவியாகக் கண்டது அந்நூல். 1950இல் வெளிவந்த வரகுணபாண்டியரின் 'பாணர் கைவழி எனப்படும் யாழ்நூல்' யாழும் வீணையும் ஒன்றே என்றது. இவற்றுள் எது பொருந்தும்?

பெயரைக் கொண்டு இதனைத் துணிதல் இயலாது. வீணை என்ற சொல்லே பொருள் மாறியது. பழைய வீணை வில் வடிவினது என்பதை ஆனந்த குமாரசுவாமி 1930இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அமராவதிச் சிற்பங்களிலும் சமுத்திரகுப்தன் நாணயத்திலும் அவ்வடிவையே காண்கின்றோம்.

அண்மைக்காலக் கருவிகளுக்கும் இது பொருந்தும். யப்பானிலே மட்சுமோக்கு என்னும் தொழிற்சாலை 1987இல் மூடப்படும்வரை ஏரியா, எபிஃபோன் முதலிய பல பெயர்களில் மின்கித்தார்களைச் செய்தது. ஆதலின் அவற்றை ஆராய்வோர் தலைப்பிற் பொறித்த பெயரோடு அமையாது, கழுத்துப் பொருத்து, ஒலிவாங்கி, திருகாணி ஆகியவற்றையும் நோக்கியே தொழிற்சாலையையும் ஆண்டையும் துணிவர். ஐம்பது ஆண்டுப் பழமைக்கே இத்துணை எச்சரிக்கை வேண்டுமாயின், ஈராயிரம் ஆண்டுப் பழமைக்கு எத்துணை வேண்டும்!

யாழின் உறுப்புக்களுள் வழக்கைத் தீர்க்கவல்லது திவவு. யாழ் வீணையே என்போர் இதனை மெட்டு எனக் கொள்வர். அடிகளோ, உரையாசிரியரைத் தழுவி, கோட்டிற் கட்டிய வார்க்கட்டு என்றார். பாட்டுக்களையே கேட்போம். பெரும்பாணாற்றுப்படை திவவை மகளிர் முன்கை வளைக்கு ஒப்பிடுகின்றது. சிறுபாணாற்றுப்படை குரங்கின் கையிற் பிடிபட்ட பாம்புக்கு ஒப்பிடுகின்றது. இரண்டும் அது நெகிழ்ந்து இறுகும் இயல்பினது என்கின்றன. மெழுகிற் பதித்த மெட்டு நெகிழ்ந்து இறுகுவதில்லை. பர்மிய வில்யாழாகிய சவுங்கில், கழுத்தைச் சுற்றிய கயிற்றை முறுக்கியே நரம்புக்குச் சுருதி கூட்டுவது பழைய வழக்கம். திவவின் தொழிலை அங்கே இன்றும் காணலாம். ஆகவே அடிகளின் முடிபே வலியது.

எனினும் 'யாழ்நூல்' முழுவதையும் ஒரே நிறையாக ஏற்றல் தகாது. பேரியாழுக்கு 21 நரம்பு, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்னும் கணக்கு அடியார்க்குநல்லார் உரையிலிருந்து வருவது. அவ்வுரை பத்துப்பாட்டுக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது. பாட்டுக் காலத்து உடலையும் உரைக் காலத்து நரம்புத் தொகையையும் ஒருங்கு பொருத்தினால், எக்காலத்தும் எவர் கையிலும் இராத ஒரு கருவி தோன்றிவிடக் கூடும். யாழுறுப்பியலில் அடிகள் நிற்கும் நிலம் உறுதியானது. நரம்புக் கணக்கில் அவரது கணித நுட்பம் சான்றின் வலியினும் மிகுந்து செல்கின்றது.

அடிகளைப் போற்றுவோர் அவர் முடிபை மனனஞ் செய்தலோடு அமையலாகாது. ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய சான்று எது, அச்சான்றின் காலம் எது என வினவிப் பழகுதல் வேண்டும். கொடியிற் பொறிக்கும் யாழை மாணவர் அங்ஙனம் அறிந்து வரைவாராயின், ஊரின் பெயருக்கு அதுவே தக்க சிறப்பாகும்.