ஷிர்லி ஜாக்சன்: பேய் எங்கே இருக்கு?

1948 அக்டோபர். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு பெண் மூன்றாவது பிரசவத்துக்காக மருத்துவமனைக்குப் போகிறார். சேர்க்கைப் படிவம் நிரப்பும் பெண் தொழில் என்னன்னு கேட்கிறார். எழுத்தாளர் என்கிறார் இவர். அந்தப் பெண் அதை எழுதவில்லை. இல்லத்தரசின்னே போட்டுக்கிறேன் என்று சொல்லிவிடுகிறார்.

இந்தச் சம்பவத்தைத் தன் நகைச்சுவைப் புத்தகமான 'லைஃப் அமங் தி சாவேஜஸ்'ல (1953) சொல்லியிருப்பவர் ஷிர்லி ஜாக்சன். அந்தப் பிரசவத்துக்கு நாலு மாசம் முன்னாடி, ஜூன் 26 தேதியிட்ட 'நியூ யார்க்கர்' இதழில் அவருடைய 'தி லாட்டரி' சிறுகதை வந்திருந்தது. சாதாரண கிராமத்து ஜனங்கள் வருஷா வருஷம் கூடி, சீட்டு எடுத்து, சீட்டு விழுந்த ஆளைக் கல்லால் அடித்துக் கொல்லும் கதை. அந்தக் கோடையில் தனக்கு முந்நூறுக்கும் மேல் கடிதங்கள் வந்ததாகவும், அவற்றில் அன்பாகப் பேசியவை வெறும் 13 என்றும், அதுவும் பெரும்பாலும் நண்பர்கள் எழுதியது என்றும் பின்னாளில் ஓர் உரையில் சொன்னார். நாடே பேசிய கதையை எழுதியவர், ஆனா படிவத்தில் இல்லத்தரசி.

நம்மில் பலருக்கு ஜாக்சன் பெயர் 2018 நெட்ஃபிளிக்ஸ் தொடர் வழியாத்தான் தெரியும். அதன் மூல நாவல் 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959). அவர் எழுதிய விதத்தைப் பற்றி வாசித்துக்கொண்டு போனபோது எனக்கு ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தட்டுப்பட்டது. அவருடைய வீட்டுவேலையையும் திகிலையும் தனித்தனி அலமாரியில் வைத்துப் பார்ப்பதுதான் அவரைப் பற்றிய பெரிய தப்பு.

'தி லாட்டரி' பிறந்த கதையையே எடுத்துக்குவோம். மகளைத் தள்ளுவண்டியில் வைத்து, கூடவே மளிகைச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் தள்ளிக்கொண்டு வரும்போது கதை தோன்றியதாம். வீட்டுக்கு வந்து, குழந்தையை விளையாட விட்டு, காய்கறியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மடமடவென்று எழுதி முடித்தாராம். பெரிய திருத்தம் எதுவும் இல்லாமலே அச்சானதாம். 2016இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ரூத் ஃப்ராங்க்ளின், கடிதங்களையும் ஆவணங்களையும் வைத்துப் பார்த்து, இந்தக் கணக்கு அப்படியே ஒத்துப்போகவில்லை என்று காட்டுகிறார். தேதியும் இடிக்குது, பத்திரிகை கேட்ட திருத்தங்களும் இருந்திருக்கு.

அப்போ ஜாக்சன் பொய் சொன்னாரா? எனக்கு அப்படித் தோணலை. தேதியை அவர் கதைக்கு ஏற்ற மாதிரி வளைத்திருக்கலாம். ஆனால் எழுதும் முறையைப் பற்றிச் சொன்னது உண்மைதான். நாலு குழந்தைகள். கணவர் ஸ்டான்லி எட்கர் ஹைமன் இலக்கிய விமர்சகர், கல்லூரி ஆசிரியர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, வீட்டுவேலையும் அவர் பொறுப்பு இல்லை. பத்திரிகைகளுக்கு எழுதி ஜாக்சன் சம்பாதித்ததுதான் குடும்ப வருமானத்தில் பெரும்பங்கு. இந்த நிலையில் படுக்கையை விரிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் மனசுக்குள் கதை சொல்லிக்கொண்டே இருப்பதுதான் அவருடைய எழுத்துப் பழக்கம். டைப்ரைட்டர் முன்னாடி உட்காரும்போது கதை பாதிக்கு மேல் வெந்திருக்கும்.

விமர்சகர்கள் இதை இரண்டாகப் பிரித்தார்கள். திகில் கதை ஒரு பக்கம், காசுக்கு எழுதிய குழந்தை வளர்ப்புக் கட்டுரை இன்னொரு பக்கம். 1963இல் பெட்டி ஃப்ரீடன் 'தி ஃபெமினைன் மிஸ்டீக்' நூலில், எழுத்தாளராக இருந்தும் தங்களை வெறும் இல்லத்தரசியாகக் காட்டிக்கொள்கிறார்கள் என்று சில பெண்களைக் குறை சொன்னார். அந்தப் பட்டியலில் ஜாக்சனும் உண்டு. ஃப்ரீடன் கோபத்தில் நியாயம் இருக்கு. ஆனா மேலே சொன்ன மருத்துவமனைக் காட்சியை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. சிரிக்க வைக்குது, சரி. ஒரு பெண் தன் தொழிலைச் சொல்லச் சொல்ல அது காதில் விழாமல் போகும் அந்தக் காட்சியில் சிரிப்பை மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது திகில் கதைதான்.

'ஹில் ஹவுஸ்' அப்படித்தான் இயங்குது. ஒரு வீட்டில் பேய் உண்டா என்று ஆராயப் போன 19ஆம் நூற்றாண்டு ஆராய்ச்சிக் குழு ஒன்றைப் பற்றிப் படித்தது இந்த நாவலுக்கு வித்து என்று ஜாக்சன் சொல்லியிருக்கிறார். அந்த அறிக்கையில் அவரைப் பிடித்து இழுத்தது வீடு இல்லை. வீட்டைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு அந்த மனிதர்கள் தங்களையே எழுதி வைத்திருந்ததுதான்.

நாவலின் எலினோருக்கு வயது 32. பதினோரு வருஷம் நோயாளித் தாயைக் கவனித்தவள். இப்போது அக்கா வீட்டில் ஒரு கட்டில்தான் அவள் இடம். பாதிப் பங்கு தன்னுடையது என்ற உரிமையில் காரைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். வழியில் பார்க்கும் வீடுகளில் எல்லாம் தான் வாழ்வதாகக் கற்பனை செய்கிறாள். ஹில் ஹவுஸில் ஒரு ராத்திரி, பயத்தில் தோழி தியோடராவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வெளிச்சம் வந்ததும் பார்த்தால் தியோடரா எட்டாத இடத்தில் வேறு படுக்கையில் இருக்கிறாள். அப்போ அது யார் கை? ஜாக்சன் கடைசிவரை சொல்வதில்லை. பேய் இருக்கா என்ற கேள்வியைவிட, பிடித்துக்கொள்ள ஒரு கைகூட இல்லாதவள் என்ற உண்மைதான் நம்மைத் தூங்கவிடாமல் செய்யுது. அவளைத் தன்னுடையவள் என்று கூப்பிடும் ஒரே வீடு அந்தப் பேய் வீடு. இந்தப் பயத்தைப் பேய்ப் புத்தகங்களில் படித்து எழுத முடியாது. அதற்கு ஒரு வீட்டைத் தினமும் துடைத்துப் பெருக்கியிருக்கணும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். வாழ்க்கையை நாவல் மேல் அப்படியே ஒட்டிவிடக் கூடாது. ஊர் வெறுக்கும் இரண்டு சகோதரிகள் வீட்டுக்குள்ளேயே தங்களை அடைத்துக்கொள்ளும் 'வீ ஹாவ் ஆல்வேஸ் லிவ்டு இன் தி காசில்' 1962இல் வந்தது. அதன் பிறகுதான் ஜாக்சன் வீட்டை விட்டு வெளியே வரவே முடியாத அளவுக்கு மனப்பதற்றத்தில் விழுந்தார். நாவல் வெற்றி பெற்ற சமயத்தில்கூட அவருடைய அம்மா கடிதம் எழுதியது பத்திரிகையில் வந்த மகளின் புகைப்படம் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்பதைப் பற்றி. அவர் பயந்ததை முன்கூட்டியே எழுதினார் என்று சொல்வது கவர்ச்சியாத்தான் இருக்கு. ஆனால் அப்படிச் சொன்னால் அவர் உழைப்பு காணாமல் போய்விடும், வெறும் நோயாளி மட்டும் மிஞ்சுவார். படிவத்தில் இல்லத்தரசின்னு எழுதினதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

1965 ஆகஸ்டில், 48 வயதில், மதியத் தூக்கத்திலேயே இறந்துபோனார். அப்போது எழுதிக்கொண்டிருந்த 'கம் அலாங் வித் மீ' பாதியில் நின்றது, 1968இல் வெளிவந்தது. அதில் கணவனை இழந்த ஒரு பெண் வீட்டை விற்றுவிட்டு, தெரியாத ஊருக்குப் போய், தனக்குத் தானே ஒரு புதுப் பெயர் வைத்துக்கொள்கிறாள். ஜாக்சனின் பெண்கள் வழக்கமாக வீட்டுக்குள் மாட்டிக்கொள்வார்கள். இவள் வெளியே வருகிறாள், அதுவும் சிரித்துக்கொண்டே.

புதிதாகப் படிக்கிறவங்க 'தி லாட்டரி'ல ஆரம்பிச்சு, நேரா 'லைஃப் அமங் தி சாவேஜஸ்'க்குப் போங்க. அப்புறம் 'ஹில் ஹவுஸ்'. இந்த வரிசையில் படிச்சா, எலினோர் பிடித்திருந்த அந்தக் கை எங்கிருந்து வந்ததுன்னு கொஞ்சம் பிடிபடும்.