நெய் சுமக்கும் ஆறு

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அடுத்து நெய்யாற்றின்கரை. தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்கும் எல்லை ஊர்கள். நெய்யாறு என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம்தான் நினைவுக்கு வரும். நெய் நீரில் கரையாது. ரத்தத்திலோ பெரும்பங்கு நீர். அப்படியிருக்க, மீன்கறியில் அரைத்து ஊற்றிய தேங்காயின் கொழுப்பு உடலெங்கும் போய்ச் சேருவது எப்படி?

அதற்காக உடல் படகு கட்டுகிறது. லிப்போபுரோட்டீன் என்பது அந்தப் படகுதான். அதன் வேலைப்பாட்டைப் பாருங்கள்: நடுவில் கொழுப்புச் சரக்கு. சுற்றிலும் ஒற்றை அடுக்காகப் பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகள், நீரை விரும்பும் தலை வெளியே, நீருக்கு அஞ்சும் வால் உள்ளே. அதன்மேல் புரதக் கட்டு. எல்டிஎல் என்ற வகைப் படகின் குறுக்களவு ஏறத்தாழ 20 நானோமீட்டர்தான். கல்லீரல் கொழுப்பேற்றி அனுப்பும் ஒவ்வொரு படகிலும் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்று இருக்கும். சரக்கு இறங்கி, படகு சிறுத்து எல்டிஎல் ஆன பிறகும் அது விட்டுப் போவதில்லை. அப்போ-பியை அளந்தால் அந்தப் படகுகளை எண்ணியதாகிவிடும். இந்தக் கணக்கின் அழகு எனக்கு அலுத்ததே இல்லை.

மரச்சீனியை அவித்துத் தின்றாலும், மிஞ்சிய சர்க்கரையில் ஒரு பங்கைக் கல்லீரல் கொழுப்பாக்கிப் படகில் ஏற்றும். இன்சுலின் சொல் எடுபடாத உடலில் அந்த ஏற்றுமதி அளவு மீறிப் போகும். ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு நிறைந்த படகுகள் வழியில் மற்றவற்றோடு சரக்கு மாற்றிக்கொள்ளும். முடிவில் எச்டிஎல் என்ற இன்னொரு வகைப் படகு குறையும், எல்டிஎல் சிறுத்து இறுகும். இறுகியவை ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து தங்கிவிடும். சுகருக்கும் மாரடைப்புக்கும் இடையில் இப்படியும் ஒரு வழி உண்டு.

சுகர் நோயை ஊருக்குள்ளேயே மறித்துப் பார்த்த ஆய்வு ஒன்று நெய்யாற்றின்கரை தாலுகாவில் நடந்தது. கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்று பெயர். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தின் கே. ஆர். தங்கப்பன், திருநாவுக்கரசு சதீஷ், ஆஸ்திரேலியாவின் பிரையன் ஓல்டன்பர்க் முதலானோர் நடத்தியது. அதன் முடிவு 2018இல் ‘பிளாஸ் மெடிசின்’ இதழில் வந்தது.

ஆய்வுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது 60 வாக்குச்சாவடிப் பகுதிகளை. வாக்காளர் பட்டியலில் தோப்பு முதலாளிக்கும் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிக்கும் ஒரே அளவு இடம்தான். முதல் வடிகட்டலுக்கு ஊசியே வேண்டாம். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட அபாய மதிப்பெண் போதும்: வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, தாய் தகப்பனுக்கு சுகர் உண்டா என்ற கேள்வி. பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரிலும் ஆணுக்கு 90இலும் இடுப்புக்கான மதிப்பெண் தொடங்கும். மொத்தம் 60ஐத் தொட்டால் அபாயம். ஒரு தையல்கார நாடாவும் நாலு கேள்வியும்!

அதற்குப் பிறகுதான் ரத்தம். வெறும் வயிற்றில் ஒரு முறை, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. சர்க்கரை பார்க்க எடுக்கும் ரத்தத்துக்குத் தனிக் குழாய் உண்டு. குழாய்க்குள் வந்த பிறகும் சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டேயிருக்கும், அவற்றின் வாயைக் கட்டத்தான் அதில் ஃபுளோரைடு. அதுவும் உடனே கட்டிவிடாது, ஓரிரு மணி நேரம் பிடிக்கும். அதனால் சீக்கிரமே சுழலியில் இட்டு நீர்ப்பகுதியைப் பிரித்துவிட வேண்டும். கிராமத்து முகாமில் இந்த அவசரம் தெரிந்த கை இல்லாவிட்டால் எண்கள் பொய் சொல்லும்.

அபாயம் இருந்தும் சுகர் இன்னும் வராத 1007 பேரை இரண்டு பிரிவாக்கி 24 மாதம் தொடர்ந்தார்கள்: ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும், மற்றதற்கு வாழ்க்கைமுறையை மாற்ற உதவும் கூட்டங்கள். அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு சுகர் வந்தது. கூட்டங்களுக்கான பிரிவில் 14.9. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் சொன்னது. அதை ஒளிக்காமல், ஊதிப் பெருக்காமல் அச்சில் ஏற்றினார்கள். குடி குறைந்ததையும், காய்கறியும் பழமும் தட்டில் கூடியதையும் அதே நிதானத்தோடு எழுதினார்கள்.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது கூட்டங்களைப் பற்றிய பகுதியை. ஓராண்டில் 15 கூட்டங்கள், பெரும்பாலானவற்றை நடத்தியது டாக்டர்கள் அல்ல. பங்கேற்றவர்களே தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுத்த, பயிற்சி பெற்று வந்த அக்கம்பக்கத்து ஆட்கள். அவர்கள் இடுப்பையும் அதே நாடா அளந்திருந்தது.