நாக்கில் உருளும் கூழாங்கற்கள்

சில ஆங்கில மரபுத்தொடர்களைப் பொருள் தெரியும் முன்பே நாக்குக்குப் பிடித்துவிடுகிறது. ‘ஃபிட் ஆஸ் எ ஃபிடில்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கீழுதட்டைப் பல் மெல்லத் தொட, இரண்டு முறை காற்று சீறும். நல்ல திடமாக இருக்கிறேன் என்று பொருள். பதற்றமே இல்லாதவரை ‘கூல் ஆஸ் எ கியூகம்பர்’ என்பார்கள். அதைக் கேட்கும்போதே நறுக்கிய வெள்ளரியின் ஈரக் குளிர்ச்சி கன்னத்தில் படுகிறது. உடம்பு தேறியவர் ‘ரைட் ஆஸ் ரெயின்’. தூறல் ஓயாத இங்கிலாந்தில், சரியாக இருப்பதற்கு மழையே உவமை! மூன்றிலும் நாம் மோனை என்று கொண்டாடும் அதே இன்பம்.

இவற்றைப் பொருத்தமான இடத்தில் வைப்பதுதான் கைத்திறன். லேசாக உடம்பு சரியில்லையா? ‘அண்டர் த வெதர்’ என்றால் போதும். நோயை விவரிக்க வேண்டியதில்லை. ஒன்று பிடிக்கவில்லையா? ‘நாட் மை கப் ஆஃப் டீ’. குறை அந்தப் பொருளில் இல்லை, என் சுவை வேறு என்று கோப்பையை மெதுவாக நகர்த்தி வைக்கும் பணிவு அது. எத்தனையோ வாய்களில் உருண்டு முனை மழுங்கிய கற்கள் இவை; கையில் எடுத்தால் வழவழப்பும் இளஞ்சூடும் தெரிகின்றன.