அழுகையும் பெருமிதமும்: சிறார் இடர் வெல்லும் குடும்பத் திரைப்படங்கள்

சிறுவர் சிறுமியர் இடர்ப்பட்டு முடிவில் அவ்விடரினின்றும் மீள்வதைக் கதையாகக் கொண்ட குடும்பத் திரைப்படங்கள் தமிழில் பலவாக வந்துள்ளன. காண்போர் கண்ணீர் விட்டனரா என்பது கொண்டே இவற்றின் தரம் பெரும்பாலும் அளக்கப்படுகின்றது. கண்ணீரைப் பெருக்கிய படத்தை நற்படம் என்பார் ஒருசாரார். கண்ணீரைப் பெருக்கியமையாலேயே அதனைத் தாழ்ந்த படம் என்பார் மற்றொரு சாரார். இருசாராரும் கொண்ட அளவுகோல் ஒன்றே. படத்தினுள் இருக்கும் குழந்தை யாது செய்தது என்னும் வினாவை அவர்கள் எழுப்பிலர். அவ்வினாவை எழுப்பி விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முயற்சிக்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நமக்குத் துணை நிற்கின்றது. அழுகை பிறத்தற்குரிய நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கனை ஆசிரியர் கூறுவர். இளிவு என்பது பிறரால் இகழப்படுதல். இழவு என்பது தாய் தந்தை முதலாய சுற்றத்தையும் நுகர்பொருளையும் இழத்தல். அசைவு என்பது முன்னை நிலை கெட்டு வருந்துதல். வறுமையோ வெறும் பொருளின்மை அன்று. துய்க்க விரும்பியும் துய்க்கப் பெறாது ஏங்கும் உள்ளமே வறுமை என்பது பேராசிரியர் உரையால் போதரும் கருத்தாகும். இனி, பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை என நான்கு நிலைக்களன்கள் கூறப்பட்டுள்ளன. வடநூலார் வீரம் எனக் கூறும் சுவையைத் தொல்காப்பியர் பெருமிதம் என்னும் சொல்லால் குறித்தமை கருதத்தக்கது. கல்வியும் கொடையும் அதன்கண் அடங்குதலின், போர்க்களம் காணாத சிறார்க்கும் பெருமிதம் உரியதாகின்றது.

இடர் நீங்குதல் வேறு; இடரை வெல்லுதல் வேறு. அழுகையில் தொடங்கிய கதை, அழுகைக்குக் காரணமாயது அகன்ற அளவில் முடியுமாயின், அஃது இடர் நீங்கிய கதை. குழந்தையிடத்துப் பெருமிதம் தோன்ற முடியுமாயின், அதுவே இடரை வென்ற கதை. இவ்வேறுபாட்டை நான்கு படங்களில் பொருத்திக் காண்போம்.

முதலாவது, அ. பீம்சிங் இயக்கத்தில் 1960ஆம் ஆண்டில் வெளிவந்த 'களத்தூர் கண்ணம்மா'. கமல்ஹாசன் சிறுவனாக அறிமுகமானது இப்படத்திலேயே. ஜமீன்தார் மகன் ஒருவன் உழவர் மகளை மறைவில் மணக்கின்றான். பிரிவு நேர்கின்றது. அவர்கட்குப் பிறந்த மகன் அனாதை விடுதியில் வளர்கின்றான். பெற்றோர் இருவரும் உயிருடன் இருக்கத் தனக்கு எவரும் இலர் என அவன் நம்புகின்றான். ஈண்டு அழுகையின் நிலைக்களன் இழவு என்பது வெளிப்படை. அவ்விழவும் உண்மையான இழவு அன்று. அறியாமையால் விளைந்த இழவு. ஆதலின், உண்மை வெளிப்பட்ட அளவில் துன்பம் முடிவெய்துகின்றது. சிறுவனின் மழலையும் பாட்டும் நெஞ்சை உருக்குவன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவன் செய்யத்தக்கது யாதுமில்லை. பெரியோர் செய்த பிழைக்கு அவன் சான்றாக நிற்கின்றான். அப்பிழை திருந்துங்கால் பரிசாகவும் அவனே அமைகின்றான்.

இரண்டாவது, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 'குழந்தையும் தெய்வமும்' (1965). ஜெர்மானிய எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் 1949இல் வெளியிட்ட சிறுவர் புதினம், 1961இல் வந்த ஆங்கிலப்படம் ஆகியவற்றின் வழியே தமிழுக்கு வந்த கதை இது. பிரிந்து வாழும் பெற்றோரின் இரட்டை மகளிர் தம்முள் ஒருவரையொருவர் அறிந்து, இடம் மாறிச் சென்று, தாயையும் தந்தையையும் ஒன்றுசேர்க்கின்றனர். இருவராகவும் குட்டி பத்மினி ஒருவரே நடித்தார். முந்தைய படத்தினின்றும் இது ஒருபடி முன்னேறியது என்பது எம் கருத்து. இங்குக் குழந்தைகள் வாளா இருப்பவர் அல்லர். சூழ்கின்றனர், துணிகின்றனர், செயல்படுகின்றனர். எனினும் அவர்தம் துணிவு முழுதும் பெற்றோரின் பிணக்கைத் தீர்க்கவே செலவாகின்றது. தமக்கென அவர்கள் எதனையும் துறக்கவோ தேர்ந்துகொள்ளவோ நேரவில்லை. தறுகண்மையின் சாயல் உண்டு, பெருமிதம் நிறைவெய்தவில்லை.

இவ்விரு படங்களையும் உரசிப் பார்க்கப் பிறநாட்டுப் படம் ஒன்றை உரைகல்லாகக் கொள்வது பயன் தரும். ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி 1997இல் ஆக்கிய 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' அத்தகையது. சிறந்த பிறமொழிப் படத்திற்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பெற்ற முதல் ஈரானியப் படம் இதுவே. தங்கை ஸஹ்ராவின் காலணியைத் தைத்து வாங்கிவரச் சென்ற அலி அதனைத் தொலைத்துவிடுகின்றான். தந்தையின் வறுமையை இருவரும் அறிவர். ஆதலின் இழப்பை மறைக்கின்றனர். காலையில் பள்ளி செல்லும் தங்கையும் அதன்பின் பள்ளி செல்லும் தமையனும் ஒரே காலணியை மாற்றி அணிகின்றனர். தொலைந்த காலணியை வேறொரு சிறுமியின் கால்களில் ஸஹ்ரா காண்கின்றாள். இருவரும் அச்சிறுமியின் இல்லம்வரை பின்தொடர்கின்றனர். அவளுடைய தந்தை பார்வையற்றவர் என்பது கண்டு, கேட்க வந்ததைக் கேளாமலே திரும்புகின்றனர்.

இக்காட்சியே படத்தின் உயிர்நிலை என யாம் கருதுகின்றோம். தமக்குரிய பொருளைத் தம்மினும் எளியாரிடத்துக் கண்டு விட்டுக்கொடுத்தல் கொடையன்றோ? இல்லாதார் கொடுத்த கொடை அது. கொடுத்ததாகச் சொல்லும் ஒரு சொல்லும் படத்தில் இல்லை. பின்னர் வரும் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசு காலணி. அதனைப் பெற ஓடிய அலி, தன்னையறியாமல் முதல்வனாக வந்துவிடுகின்றான். ஊரார் வெற்றி எனக் கொண்டாடுவது அவனுக்குத் தோல்வியாகின்றது. அவன் கண்ணீர் விடுகின்றான். அதேவேளையில் தந்தை புதுக்காலணி வாங்கி வருவதை நாம் காண்கின்றோம், அவன் காணவில்லை. பொருட்குறையைத் தீர்ப்பது தந்தையின் உழைப்பு, பெருமிதம் பிள்ளைகளுடையது. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பாமையே இயக்குநரின் நேர்மை.

மீண்டும் தமிழுக்கு வருவோம். ம. மணிகண்டன் இயக்கிய 'காக்கா முட்டை' 2015இல் திரையரங்குகளில் வெளிவந்தது. 2014ஆம் ஆண்டிற்குரிய தேசிய விருதுகளில் சிறந்த சிறுவர் படத்துக்கான விருதைப் பகிர்ந்து பெற்றதோடு, இதில் நடித்த சிறுவர் இருவர்க்கும் குழந்தை நடிகர் விருதையும் ஈட்டித்தந்தது. சென்னைக் குடிசைப்பகுதியில் வாழும் உடன்பிறந்தார் இருவர், தந்தை சிறையில், தாயும் பாட்டியும் குடும்பத்தைத் தாங்குகின்றனர். சிறுவர் காக்கை முட்டை எடுத்துண்ணும் மரம் நின்ற திடல் விற்கப்பட்டு, அவ்விடத்தே பீட்சாக் கடை எழுகின்றது. ஏறத்தாழ 300 ரூபாய் விலையுள்ள அவ்வுணவைத் துய்க்க வேண்டும் என்னும் வேட்கை இருவரையும் பற்றுகின்றது. பேராசிரியர் வறுமைக்குக் கூறிய இலக்கணம், எழுநூறு ஆண்டுகட்குப் பின்னரும் இக்கதைக்கெனவே வகுத்தாற்போல் பொருந்துவது வியப்பளிக்கின்றது.

நிலக்கரி பொறுக்கிச் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கின்றனர். வேலிக்கு அப்பாலுள்ள செல்வர் வீட்டுச் சிறுவன் தான் உண்டு எஞ்சிய பீட்சாவை நீட்டுகின்றான். தம்பி அவாவுகின்றான், அண்ணன் தடுத்துவிடுகின்றான். இன்பமும் பொருளும் மிகப் பயப்பினும் பழியொடு வருவதனை ஏலாமையே புகழ் என்பர் உரைகாரர். அண்ணனின் மறுப்பு அவ்வகையினது. பின்னர்ப் பணத்தோடு சென்றும் உடையின் பொருட்டு வாயிலிலேயே விலக்கப்படுகின்றனர். புத்தாடை தேடி அணிந்து சென்றபோதும் அண்ணன் கன்னத்தில் அறையப்படுகின்றான். வறுமை இங்கு இளிவாக மாறுகின்றது. அறைந்த காட்சி கைப்பேசியில் பதிவாகிப் பரவ, பழிக்கு அஞ்சிய கடைக்காரர் அவர்களை வரவேற்று அமர்த்தி உணவு படைக்கின்றனர். உண்டு பார்த்த சிறுவர்க்கு அது சுவைக்கவில்லை. முன்பு பாட்டி அவர்கட்காகத் தோசை மாவில் வார்த்துத் தந்ததே நன்று என உணர்கின்றனர். பாட்டியோ அதற்குள் இறந்துவிட்டாள்.

இம்முடிவு நகைச்சுவையாகத் தோன்றினும் ஆழமானது. உணவு கிடைத்தமையால் அவர்கள் வென்றாரல்லர். அது கிடைத்தது பிறர் அச்சத்தால். தம் வேட்கையைத் தம் நாவினால் தாமே அளந்து தீர்ப்புக் கூறியமையே அவர்தம் வெற்றி.

ஈண்டு ஒரு தடை எழுதல் கூடும். குழந்தைகளின் பெருமிதத்தைப் போற்றினால், வறுமையைக் குணத்தால் வென்றுவிடலாம் என்னும் பொய்யை அது பரப்பாதோ எனின், அத்தடை வலிமையுடையதே. பல படங்கள் அப்பொய்யைப் பரப்பியும் உள்ளன. ஒரு பாட்டு முடிவதற்குள் ஏழைச்சிறுவன் உயர்நிலை எய்துதல் நாம் காணாததன்று. ஆனால் யாம் எடுத்துக்காட்டிய பின்னிரு படங்களும் அக்குற்றத்திற்கு ஆளாகவில்லை. 'காக்கா முட்டை'யின் முடிவில் குடிசை குடிசையாகவே இருக்கின்றது, திடல் மீளவில்லை. இளிவு வெல்லப்பட்டது, வறுமை வெல்லப்படவில்லை. முன்னதை வெல்லுதல் குழந்தையால் இயலும். பின்னதை அகற்றுதல் பெரியோரின் கடன். அக்கடனைக் குழந்தையின் தோளில் ஏற்றாத படமே நேர்மையான படம்.

தொகுத்து நோக்குங்கால், இழவில் தொடங்கிய பழைய படங்கள் நம்மை இரங்கச் செய்தன. வறுமையிலும் இளிவிலும் தொடங்கிய பின்னைய படங்கள் நம்மை மதிக்கச் செய்கின்றன. இரக்கம் இழிந்தது என யாம் கூறவில்லை. அழுகையும் எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றே. ஆயின் இரங்குவோர் மேலிருந்து கீழ்நோக்குவர்; மதிப்போர் நேர்நோக்குவர். குடும்பம் ஒருங்கிருந்து காணும் படத்தில், பெற்றோர் தம் அருகிலிருக்கும் குழந்தையை எவ்வாறு நோக்கக் கற்கின்றனர் என்பது சிறிய செய்தியன்று. இவ்வகைப் படங்களை இனி ஆராயப் புகுவோர், நாம் எத்துணை அழுதோம் என்பதனை விடுத்து, குழந்தை எவ்விடத்தில் நிமிர்ந்து நின்றது என்பதனைத் தேடுதல் தகும்.